மழைக்குக் கழித்த கிலோ

அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்து நான் செய்த முதல் வேலை, சின்னப் பிள்ளைகளைச் சாக்கில் போட்டுத் தொங்கவிட்டதுதான். இதைச் சொல்லும்போது கேட்பவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். அதனால் விளக்கத்தைக் கொஞ்சம் தாமதித்தே சொல்வேன்.

நுவரெலியாவில் ஓர் அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நியமனம் கிடைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எனக்கென்று மேசை கிடையாது. அன்றைக்கு யார் லீவோ அவருடைய மேசைதான் என் மேசை. எல்லோரும் வேலைக்கு வந்துவிட்டால் ஜன்னலோரம் நின்றுகொண்டு பனிமூட்டத்தை மேற்பார்வை செய்வேன். மூன்றாவது மாதம் என்மீது இரக்கப்பட்டு ஒரு வேலைத்திட்டத்தைத் தந்தார்கள். டயகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், அம்மாமார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், பகலுக்குச் சோறும் பயறும் கீரையும் ஆளுக்கொரு முட்டையும் கொடுக்க வேண்டும். ஒரு வருஷம் கொடுத்துப் பார்ப்பது. பிள்ளைகள் தேறினால் திட்டம் தொடரும், மற்றத் தோட்டங்களுக்கும் போகும். தேறாவிட்டால் அடுப்பை அணைத்துவிட வேண்டியதுதான். தேறினார்களா என்று பார்த்து எழுதுவது என் பொறுப்பு. அதற்கு மதிப்பீடு என்று பெயர் என்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

அந்த இடத்தின் வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று மூன்று மொழியிலும் பலகை உண்டு. ஒரு மொழியிலும் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது புள்ளக்காம்பராதான். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் ஆயாம்மா. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டலில் படுக்க வைக்கக்கூடியவர். அந்த அதட்டலில் எனக்கே கண் சொருகியிருக்கிறது.

சாப்பாடு தொடங்குவதற்கு முதல் நாள் பிள்ளைகளை நிறுக்க வேண்டும். ஆபீசில் தந்த தராசைத் தூக்கிக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனேன். மூன்றாவது பஸ்ஸிலிருந்து இறங்கும்போது தராசு எனக்கு முன்னால் இறங்கிவிட்டது. தூக்கிப் பார்த்தால், ஒன்றும் வைக்காமலே ஐந்து கிலோ காட்டியது. தட்டிப் பார்த்தேன், ஆறு காட்டியது.

"அதுக்கு ஏன் மிஸ் மொகம் வாடுறீங்க? கீழதானே மடுவம். தராசு இல்லாத தோட்டமா?" என்றார் ஆயாம்மா.

மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. அங்கிருந்து கணக்கப்பிள்ளை தராசோடு ஏறி வந்தார். வட்ட முகமுள்ள தொங்கு தராசு. வாசல் உத்தரத்தில் அதைக் கட்டி, கொக்கியில் ஒரு புதுக் கொழுந்துச் சாக்கை மாட்டி, பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே இறக்கினார். கழுத்துக்கு மேலே தலை மட்டும் வெளியே தெரிய, பிள்ளைகள் ஊஞ்சலாடின. இறக்கும்போதுதான் அழுதன, இன்னொரு தரம் வேண்டுமென்று. அம்மாமார் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். தகரக் கூரையில் மழை கொட்டியது. கணக்கப்பிள்ளைக்கு நல்ல குரல். எந்த மழையையும் தாண்டிக் கேட்கும். அவர் முள்ளைப் பார்த்து எண்ணைச் சொல்ல, நான் குனிந்தபடி எழுதினேன். எவ்வளவு சுலபமான வேலை, இதற்கா பட்டப்படிப்புக் கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இடையில் ஐந்து நாள் பயிற்சிக்குக் கொழும்புக்கு அனுப்பினார்கள். நாட்டின் மதிப்பீட்டுத் திறனை வளர்ப்பதற்கான பயிற்சி. நாட்டின் திறன் வளர்ந்ததோ இல்லையோ, அந்த ஹோட்டல் சாப்பாட்டில் நான் நன்றாக வளர்ந்தேன். அடிப்படை அளவு, இறுதி அளவு, குறிகாட்டி, ஒப்பீட்டுக் குழு என்று ஒரு மூட்டை சொற்களோடு திரும்பினேன். சான்றிதழை அம்மா லெமினேட் செய்து முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். அதன் பிறகு வீட்டில் கறிக்கு உப்புக் கூடினால்கூட, "குறிகாட்டி சரியில்லை" என்று சொல்லி ஏச்சு வாங்குவேன்.

வருஷம் முடிந்தது. இந்த முறை நான் அடம்பிடித்து வாங்கிய மின்சாரத் தராசு. பிள்ளைகள் வரிசையில் வந்து ஏறி நின்றால் போதும், எண் தானாக ஒளிரும். சாக்கில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். நாலு வயதுப் பெண்ணொருத்தி ஏறும்போது சட்டைப்பை உப்பியிருந்தது. ஆயாம்மா கையை விட்டுப் பார்த்தார், பாதி முட்டை. பள்ளிக்கூடம் போகும் அண்ணனுக்காம். தினமும் நடக்கிற கடத்தல் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஆபீசுக்கு வந்து பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிள்ளைகள் மூன்று கிலோ, நாலு கிலோ என்று கூடியிருந்தார்கள். ஒன்றுகூடப் பின்தங்கவில்லை. சின்னப் பிள்ளை ஒரு வருஷத்தில் இப்படிக் கூடுமா என்று எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்ல செய்தி வரும்போது சந்தேகம் எங்கே வருகிறது? நாற்பது பக்கத்தில் அறிக்கை எழுதினேன். எங்கள் பணிப்பாளர் சிங்களவர். சந்தோஷம் வந்தால் பழைய பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போவார். அன்றைக்கு அந்தச் சீட்டி மாடிவரை கேட்டது. எனக்கு ஒரு மேசையும் கிடைத்தது. கால் ஒன்று ஆடும். ஆனாலும் என் மேசை.

"கொழும்பிலிருந்து பெரியவர்கள் பார்க்க வருகிறார்கள். ஒரு வெற்றிக் கதை வேண்டும். ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு படம்," என்றார் பணிப்பாளர்.

எனக்கு யோசிக்கவே தேவையிருக்கவில்லை. முட்டைக் கடத்தல்காரியும் அவளுடைய அம்மாவும்தான். பகல் இடைவேளையில் அந்த அம்மா மகளைப் பார்க்க வருவார் என்று தெரிந்து, கேமராவோடு காத்திருந்தேன். தலையில் கட்டிய துண்டோடும் இடுப்பில் சுற்றிய படங்குத் துணியோடும் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார்.

"உங்க மக எவ்வளவு கூடியிருக்கா தெரியுமா? நாலு கிலோ!" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். தூக்கி இடுப்பில் வைத்தார். இறக்கினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாலு கிலோவா? எங்கங்க மிஸ்?"

"தராசு சொல்லுதுங்க."

"கூடித்தான் இருக்கா, நான் இல்லைங்கல. நாலெல்லாம் இல்லைங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார். "அட, அதுல ரெண்டு கணக்கப்புள்ள கழிச்சதுங்க."

"கழிச்சாரா? எதைக் கழிச்சாரு?"

"சாக்குக்கு ஒன்னு, மழைக்கு ஒன்னு. அன்னைக்கு நல்ல மழைங்கல்ல."

பக்கத்தில் நின்ற அம்மாமாரைப் பார்த்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆயாம்மாவும் ஆட்டினார்.

"எல்லாருக்கும் தெரியுமா? அப்ப ஏன் அன்னைக்கே ஒருத்தரும் சொல்லல?"

"எதைங்க மிஸ் சொல்றது?" என்றார் அந்த அம்மா. "நிறுத்தா கழிப்பாங்கதானே."

மடுவத்துக்கு இறங்கி ஓடினேன். கணக்கப்பிள்ளை பெயர்ப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தார். கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை, ஆச்சரியப்பட்டார்.

"மழை பெஞ்சிச்சே மிஸ் அன்னைக்கு."

"பிள்ளைங்க வீட்டுக்குள்ள காஞ்ச சட்டையோட இருந்தாங்க ஐயா! அவங்களுக்கு என்ன ஈரம்?"

அவர் பென்சிலைக் காதில் சொருகிவிட்டுத் தலையைச் சொறிந்தார். பாவமாக இருந்தது. "பழக்கம்ங்க மிஸ். ஈரக் கொழுந்து ஃபெக்டரியில நிறுக்கிறப்ப கொறைஞ்சா என்னையத்தான் கேப்பாங்க. இருபத்தஞ்சு வருசமா கழிச்சுக் கழிச்சு, வீட்டுல பால்மா பாக்கெட்டைத் தூக்குனாலும் மனசு கழிக்குது."

சிரிப்பு வந்தது. சிரித்தும் விட்டேன். மேலே ஏறி வரும்போதுதான் வெட்கம் பிடித்தது. நான் ஒன்றும் கொழும்பிலிருந்து வந்திறங்கியவள் இல்லை. வலப்பனைப் பக்கத்துத் தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்து அம்மாவோடு மடுவத்தில் எத்தனை நாள் நின்றிருக்கிறேன்! முள்ளைப் பார்த்துவிட்டு, எண்ணைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி வாயை மூடுவார்கள். அந்த நொடியில்தான் அம்மாவின் கூலிக் கிலோவைக் கழிப்பது. பிள்ளைகளை நிறுத்த அன்றைக்கும் அந்த ஒரு நொடி ஒவ்வொரு பிள்ளைக்கும் இருந்தது. எனக்கும் அது கேட்டது. கேட்டும் ஒன்றும் தோன்றவில்லை. அம்மாவின் மகளாகத் தலையைக் குனிந்துகொண்டு எழுதியிருக்கிறேன். அந்த அம்மாமாரை ஏன் சொல்லவில்லை என்று அதட்டியவளும் நான்தான்.

மறுநாள் ஆபீசில் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டு கிலோவைத் திருப்பிச் சேர்த்துப் பார்த்தேன். அந்தக் காய்ந்த புதுச் சாக்கு நூறு கிராம்கூட வராது. மிஞ்சியது, எந்தப் பிள்ளையும் ஒரு வருஷத்தில் வளரக்கூடிய வளர்ச்சிதான். பயறு வளர்த்ததா, வயது வளர்த்ததா என்று சொல்ல வழியில்லை. அதே தோட்டத்தில் சாப்பாடு கொடுக்காத பக்கத்துப் பிரிவுப் பிள்ளைகளையும் நிறுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டிருக்கலாம். கொழும்பில் அதையும் சொல்லித்தான் தந்தார்கள், நான் மூன்றாவது தட்டுப் புடிங்கோடு உட்கார்ந்திருந்தபோது.

பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். கணக்கப்பிள்ளை பிள்ளைகளுக்கு ஈரம் கழித்த இடம் வந்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"வேறு யாரிடம் சொன்னீர்கள்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"யாரிடமும் இல்லை சேர்."

"இந்த அறிக்கை போனால் சாப்பாடு தொடரும். எல்லாத் தோட்டத்துக்கும் போகும். திருத்திய அறிக்கை போனால், நிறுத்திவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது என்பவனுக்கு யார் பயறு தருவார்கள்?" அறிக்கையை என் பக்கம் தள்ளினார். "எழுதுவது நீங்கள். கீழே கையெழுத்து நான். திங்கட்கிழமை கொண்டுவாருங்கள். எது வந்தாலும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்து வைப்பேன்."

நல்ல மனிதர்தான். ஆனால் அந்த வார இறுதி முழுவதும் அவரைத் திட்டினேன். நீயே முடிவெடு என்று சொல்வதைப்போல ஒரு தண்டனை கிடையாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், சாப்பிடுவது பிள்ளைகள்தானே என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் ஒன்றும் சொல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை பின்னேரம் மறுபடி மூன்று பஸ் ஏறினேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த அம்மாமாரை ஆயாம்மா அதட்டி உட்கார வைத்தார். ஒன்றும் விடாமல் சொன்னேன்.

முதலில் சிரிப்புத்தான். "கணக்கப்புள்ள இத்தனை வருசமா கழிச்சதுல, நமக்குக் கெடச்ச ஒரே நல்லது இதுதான்டி!" என்று ஒருவர் சொல்ல, காம்பரா அதிர்ந்தது. சாப்பாடு நின்றுபோகலாம் என்று நான் சொன்னதும் அடங்கிவிட்டார்கள்.

"அப்பறம் எதுக்கு மிஸ் எழுதுறீங்க? பேசாம விடுங்க," என்றார் ஒருவர்.

"எம்புள்ள முட்டை திங்கிறதே இங்கதாங்க," என்றார் இன்னொருவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நாலு வயதுக்காரியின் அம்மா அதுவரை பேசவில்லை. மகளின் தலையைப் பின்னிக்கொண்டிருந்தார்.

"எழுதுனீங்கன்னா, கழிச்சாங்கன்னு எழுதுவீங்களா மிஸ்?"

"ஆமா."

"மழைக்குக் கழிச்சாங்கன்னு?"

"ஆமா."

"ஏன் கழிச்சாரு, எங்க பழகுனாருன்னு?"

"அதையும் எழுதணும். இல்லாட்டி அவங்களுக்குப் புரியாது."

"கொழும்புல பெரியவங்க படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

பின்னலை முடித்து ரிப்பனைக் கட்டினார். மற்றவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பிள்ளைகள் மூலையில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப எழுதுங்க," என்றார்.

"சாப்பாடு நின்னா?"

"நின்னா நிக்கட்டுங்க. முட்டைய எப்படியோ பாத்துக்குறோம். கொழுந்துல கழிக்கிறாங்கன்னு நாங்க சொன்னா ஒருத்தரும் எழுதமாட்டாங்க. இது தானா எழுத்துல வருது."

முட்டை திங்கிறதே இங்கதான் என்று சொன்னவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். பிறகு அவரும் தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது. அபிவிருத்தி உத்தியோகத்தர் அழக்கூடாது என்பதால் சளித் தடிமன் என்று சொன்னேன்.

அறிக்கையில் நான் எழுதியது இவ்வளவுதான். 'ஆரம்ப நிறுவையில் ஒவ்வொரு பிள்ளையின் எடையிலிருந்தும் சாக்குக்கு ஒரு கிலோவும் மழைக்கு ஒரு கிலோவும் கழிக்கப்பட்டன. இத்தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும்போது தினமும் பின்பற்றப்படும் வழக்கம் இதுவே. தாய்மார் அனைவரும் இதை அன்றே அறிந்திருந்தனர். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை. உணவினால் ஏற்பட்ட பயன் எவ்வளவு என்று தெரியாது.' கடைசிச் சொல்லைப் பணிப்பாளர் இரண்டு தடவை படித்தார். சீட்டியடிக்கவில்லை. கையெழுத்து வைத்தார். அந்தப் பக்கத்தை மட்டும் அம்மாமார் கேட்கிறார்கள் என்றேன். போட்டோக்கொப்பி எடுக்கச் சொல்லி, அதன்மேல் ஆபீஸ் முத்திரையை அவரே குத்தித் தந்தார்.

கொழும்பிலிருந்து பதில் வர ஒன்றரை மாதம் ஆனது. வாங்கி வைத்த பயறு தீரத் தீர, ஆயாம்மா சோற்றைக் கஞ்சியாக்கி, கஞ்சியைத் தண்ணீராக்கிக்கொண்டே போனார். முட்டை நின்றே போயிருந்தது. புள்ளக்காம்பராப் பக்கம் போகவே எனக்குக் கால் கூசியது. கடைசியில் கடிதம் வந்தது: 'முந்தைய ஆண்டின் பெறுபேறு தெளிவற்றது என்பதால், முறையான நிறுவையுடன் மேலும் ஓராண்டு தொடரவும்.' பக்கத்துப் பிரிவில் அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. ஒப்பிடுவதற்காக அந்தப் பிள்ளைகளை நிறுக்க மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்கும் சோறு கேட்டு நான் போட்ட சண்டை இன்னும் முடியவில்லை.

புதிய வருஷத்து நிறுவைக்காகத் தோட்டத்துக்குப் போன அன்றைக்கும் நல்ல மழை. பின்னேர நிறுவை நடந்துகொண்டிருந்ததால், ஒதுங்குவதற்காக மடுவத்துக்குள் ஓடினேன். தராசுக்குப் பின்னால் சுவரில், பொலித்தீன் உறை போட்டு, முத்திரை குத்திய அந்த அறிக்கைப் பக்கம் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று நான் கேட்கவில்லை. தராசின் முகம் இப்போது வரிசையின் பக்கம் திரும்பியிருந்தது.

நாலு வயதுக்காரியின் அம்மா முறை வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டச் சாக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு நின்றார். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார். வாயை மூடினார். எனக்கு அந்த ஒரு நொடி இப்போது நன்றாகக் கேட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அவர் வாயையே பார்த்தார்கள்.

"பதினெட்டு," என்றார். "சாக்குக்கு ஒன்னு. பதினேழு."

பெயர்ப் புத்தகத்தில் பென்சிலை வைத்தவர் எழுதாமல் நிமிர்ந்தார். கூரையில் மழை அடித்தது. அந்த அம்மா நகராமல் நின்றார். கணக்கப்பிள்ளை பதினேழு என்றே எழுதினார்.

"அடுத்த ஆளு வாங்க," என்றார்.